பயனடைந்தவர் கையெழுத்து

எட்டாம் வகுப்பில் எங்களுக்குப் புவியியல் எடுத்த சிஸ்டர், ஒரு திங்கட்கிழமை காலையில் வகுப்பிலிருந்த அட்லஸ் புத்தகங்களையெல்லாம் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். அட்லஸ் இல்லையென்றால் மேப் பரீட்சை இல்லை. மேப் பரீட்சை இல்லையென்றால் கங்கையைக் கொண்டுபோய் வங்காள விரிகுடாவில் சேர்க்கிற பொறுப்பு நமக்கு இல்லை. என் கங்கை அதுவரை ஒருமுறைகூடக் கடலைப் பார்த்ததில்லை. நடுவில் எங்கேயோ பென்சில் முனை உடைந்து நின்றுவிடும்.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

"மேப்புக்கு இருபத்தஞ்சு மார்க் அப்படியேதான் இருக்கு" என்றார் சிஸ்டர். "ஆனா புக்கைப் பாத்துப் போடற மேப் வேண்டாம். நீங்களே நடந்து, நீங்களே அளந்து போடணும். அந்த மேப் ஒரே ஒருத்தருக்காவது உதவணும். உதவிச்சுன்னு அவங்க கீழே கையெழுத்துப் போட்டுத் தரணும். 'பயனடைந்தவர்'னு எழுதி ஒரு கோடு போட்டுக்கோங்க."

முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "சிஸ்டர், எங்க அம்மாகிட்ட கையெழுத்து வாங்கலாமா?"

"உங்க அம்மாவுக்கு உங்க வீட்டுல வழி தெரியாதா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பள்ளிக்கூடம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளி. படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நெற்றியில் விபூதியோ குங்குமமோ வைத்துக்கொண்டு போகிறவர்கள்தான். 'பிறரன்புப் பணி' என்ற வார்த்தை எங்கள் எல்லோருக்கும் பழக்கம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவருவோம். முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடுவோம். அவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். அதற்கு மார்க் கிடையாது என்பதால் மிகுந்த அன்போடு செய்துகொண்டிருந்தோம்.

புவியியல் சிஸ்டருக்கு அந்த ஏற்பாட்டில் திருப்தியில்லை. படிப்பு ஒரு பீரியடிலும் பிறரன்பு இன்னொரு பீரியடிலும் ஏன் இருக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாகவே வைத்தால் என்ன என்று தலைமையாசிரியையான மதரிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஒரு வகுப்பில் ஒரு வருஷம் செய்து பாருங்கள் என்று மதர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வகுப்பு நாங்கள்.

அப்பாவிடம் சொன்னேன். அப்பா அரசாங்க ஆபீசில் கிளார்க். மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"ஜியாகிரபிக்கும் சேவைக்கும் என்ன சம்பந்தம்? மக்களுக்குச் சேவை பண்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க. நீ படிக்கிற வேலையைப் பாரு" என்றார்.

"இதுதாம்ப்பா படிப்பு. இருபத்தஞ்சு மார்க்."

மார்க் என்றதும் அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "அப்போ சேவையை ஒழுங்கா பண்ணு."

மூன்று பேர் ஒரு குழு. என் பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் நானும் சேர்ந்துகொண்டோம். ஒருத்தி தேரடித் தெருவில் லாட்ஜ் வைத்திருக்கிற வீட்டுப் பெண். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவளே வரைகிறவள் என்று முடிவானது. இன்னொருத்தி கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். வீட்டில் நெல்லும் கடலையும் பயிர் வைக்கிறவர்கள். "என் ஒரு எட்டு சரியா ரெண்டடி. எங்கப்பா வரப்புல நடக்க வெச்சு அளந்து பாத்துட்டாரு" என்றாள். அளக்க ஆள் கிடைத்தது. எனக்கென்று தனியாக ஒரு திறமையும் இல்லை. ஆனால் எங்கள் வீடு ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் இருந்தது. மேப் தேவைப்படுகிற இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது நாங்கள் குடியிருந்த இடம்தான்.

கலெக்டர் ஆபீஸ் அங்கே வருகிறது என்றதும் கடலைக்கொல்லையாக இருந்த நிலத்தில் கல் நட்டு மனை போட்டார்கள். நான்கு தெரு, அறுபது வீடு. தெருக்களுக்குப் பெயர் கிடையாது. வீட்டு எண்களை அவரவர் விருப்பத்துக்குப் போட்டுக்கொண்டார்கள். சிலர் மனை எண்ணைப் போட்டார்கள், சிலர் கட்டி முடித்த வரிசையைப் போட்டார்கள், சிலர் ராசி பார்த்துப் போட்டார்கள். கூட்டிப் பார்த்தால் ஒன்பதாம் எண் வீடு மூன்று இருந்தது. எட்டாம் எண் வீடு ஒன்றுகூட இல்லை.

எங்களுடையது மூன்று ஒன்பதுகளில் ஒன்று. வேலூரிலிருந்து மாமா ஒருநாள் பலாப்பழத்தோடு வந்து, வெயிலில் இரண்டு மணி நேரம் சுற்றி, வேறொரு ஒன்பதாம் எண் வீட்டு வாசலில் நின்ற பையனிடம் பழத்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அந்த வீட்டுக்காரர் நல்லவர். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று தெரியாமலே வாங்கி அறுத்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் அனுப்பியதில் எங்கள் வீட்டுக்கும் எட்டுச் சுளை வந்தது. ரொம்ப இனிப்பு என்று அம்மா சொன்னாள். மாமாவின் கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

அந்தக் கடிதமும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எந்தக் கடிதமும் யார் வீட்டுக்கும் வராது. தபால்காரர் சைக்கிளில் வருவார். மெயின் ரோட்டிலிருந்து நாங்கள் திரும்புகிற முனையில் ஒரு பெட்டிக்கடை. அந்தக் கடைக்காரம்மாவிடம் மொத்தக் கட்டையும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தம்மா அதை ஒரு காலி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துக்கொண்டு, போகிற வருகிற ஆளைக் கூப்பிட்டுக் கொடுப்பார்.

கூப்பிடும்போதே விஷயமும் வந்துவிடும். "இந்தாம்மா, உங்க அண்ணன் பொண்ணு வயசுக்கு வந்துட்டாளாம். ஞாயித்துக்கெழம சடங்கு. லெட்டர் வீட்ல போய்ப் படி."

அம்மா ஒருமுறை கேட்டே விட்டாள். "ஏங்க, அடுத்தவங்க லெட்டரைப் படிக்கலாமா?"

"கவரைப் பிரிச்சனா நானு? கார்டு தெறந்துகினு வருது. கண்ணை மூடிகினா கடை நடத்த முடியும்?"

அம்மா கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆக, பயனடையப் போகிறவர் தபால்காரர் என்று நாங்கள் முடிவு செய்தோம். சிஸ்டருக்கும் பிடித்திருந்தது. சனிக்கிழமைகளில் ஹாஸ்டல்காரியை வெளியே விட அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஹாஸ்டல்காரி அளக்க வந்தாளா எங்கள் வீட்டில் சாப்பிட வந்தாளா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். முதல் சனிக்கிழமை அம்மா காரக்குழம்பு வைத்ததை அவள் மறுநாள் ஹாஸ்டல் முழுக்கச் சொல்லி, அடுத்த வாரம் எங்கள் குழுவில் சேர இன்னும் ஐந்து பேர் தயாராக இருந்தார்கள்.

அளக்கும் வேலை ஆரம்பித்தது. அவள் எட்டு வைத்து நடப்பாள். லாட்ஜ்காரி பக்கத்தில் நடந்துகொண்டே சத்தமாக எண்ணுவாள். நான் நோட்டில் எழுதுவேன். தெரு அகலத்துக்கு மட்டும் டேப் பிடிப்போம். டேப் அம்மாவின் தையல் டேப்.

இரண்டாவது தெருவில் ஒரு பென்ஷன்காரர் இருந்தார். வீட்டுக்கு முன்னால் தெருவை இரண்டடி சேர்த்து முள்கம்பி வேலி போட்டிருந்தார். நாங்கள் டேப்பும் நோட்டுமாக வந்து அவர் வாசலில் குனிந்ததும் வேகமாக வெளியே வந்தார்.

"எந்த ஆபீஸ்லேர்ந்தும்மா?"

"ஜியாகிரபி, சார்" என்றாள் லாட்ஜ்காரி.

அவர் முகம் மாறிவிட்டது. அப்படி ஒரு ஆபீஸ் புதிதாக வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார் போல. "இதெல்லாம் யாருக்குப் போவுது?"

"சிஸ்டருக்கு. அப்புறம் மதருக்கு."

"உள்ள வந்து மோர் சாப்பிட்டுப் போங்கம்மா. வெயில் ஜாஸ்தியா இருக்கு."

மூன்று பேரும் மோர் குடித்தோம். அடுத்த சனிக்கிழமை போனபோது வேலி இரண்டடி உள்ளே போயிருந்தது. நோட்டில் அந்தத் தெருவின் அகலத்தை அடித்துத் திருத்தினேன். எங்கள் மேப்பால் நடந்த முதல் சேவை அதுதான். ஆனால் அதற்குக் கையெழுத்து வாங்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது தெருவில் ஒரு செவலை நாய். முதல் நாள் லாட்ஜ்காரி "நூத்தி நாப்பத்திரெண்டு" என்று சொல்லும்போது குரைத்தது. அவள் எண்ணிக்கையை மறந்துவிட்டாள். திரும்ப முதலிலிருந்து நடந்தோம். இரண்டாவது தடவை குரைக்கவில்லை. நேராக வந்து என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, முதல் தெருவின் அளவு முழுவதையும் கிழித்துப்போட்டது. அப்போது எனக்கு வந்த கோபத்தில்தான் பின்னால் வந்த தொல்லை எல்லாம் ஆரம்பித்தது.

மேப் போட்டால் தெருவுக்குப் பெயர் எழுத வேண்டும். பெயர் இல்லையே என்று சிஸ்டரிடம் கேட்டோம். "கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை அடையாளமா எழுதுங்க" என்றார். எழுதினோம். முதல் தெருவில் ஒரு பனைமரம் இருந்தது. ஒத்தப்பனைத் தெரு. இரண்டாவதில் யாரோ வீடு கட்டக் கொட்டிய ஜல்லி ஒரு வருஷமாக அப்படியே கிடந்தது. ஜல்லித் தெரு. நான்காவதில் பஞ்சுமெத்தைக் கடை வைத்திருந்த பாய் வீடு இருந்தது. மெத்தைக்காரர் தெரு. மூன்றாவது தெருவுக்குப் பெயர் வைக்கும் உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கடிநாய்த் தெரு.

லாட்ஜ்காரி சார்ட் பேப்பரில் கறுப்பு மையால் அழகாக எழுதினாள். மலையையும் வரைந்து, இடது பக்கத்தில் நிறுத்தினாள். சிஸ்டர் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ஏட்டி, மலை எந்தப் பக்கம்?" அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம். மனசு கலங்கினால் 'ஏட்டி' வந்துவிடும்.

"மேக்க, சிஸ்டர்."

"உங்க தேரடித் தெருவுக்கு மேக்க. வேங்கிக்கால்ல நின்னு பாத்தா?"

லாட்ஜ்காரி யோசித்தாள். அவள் பிறந்ததிலிருந்து மலை மேற்கில்தான் இருந்தது. அது இடத்துக்கு இடம் மாறும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. வேங்கிக்காலிலிருந்து பார்த்தால் மலை தென்மேற்கில் இருக்கிறது. அவள் மலையை நேர் மேற்காக எடுத்துக்கொண்டு வரைந்ததில் நான்கு தெருவும் சாய்ந்துபோயிருந்தன. மறுபடி வரையச் சொன்னார் சிஸ்டர். மை காய்ந்த சார்ட்டை யார் மறுபடி வரைவது? மலையை நகர்த்துவதைவிட வடக்கை நகர்த்துவது சுலபம் என்று லாட்ஜ்காரி கண்டுபிடித்தாள். மேலே நேராக நின்ற அம்புக்குறியைச் சுரண்டிவிட்டு, சாய்வாக ஒரு அம்பு போட்டாள். சிஸ்டர் சார்ட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். தப்பென்று சொல்ல அவராலும் முடியவில்லை.

தபால்காரருக்குச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற மாதிரி சின்ன அட்டையில் ஒரு நகல் போட்டுக் கொடுத்தோம். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நின்று படித்தார்.

"நான் இத்தினி வருஷமா இந்த லைன்ல வர்றேன், எனக்குன்னு யாரும் ஒண்ணும் எழுதிக் குடுத்ததில்லம்மா. அடுத்தவங்களுக்கு வர்றதைத்தான் தூக்கினு திரியறேன்" என்றார். சார்ட்டில் பயனடைந்தவர் என்று போட்டிருந்த கோட்டின்மேல் முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்களுக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாளிலிருந்து தபால் வீட்டுக்கு வீடு வர ஆரம்பித்தது. எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டு அம்மா ஓடிப்போய் வாங்கினாள். பிஸ்கட் டின் காலியானது.

அன்று சாயங்காலம் அம்மா என்னைச் சர்க்கரை வாங்க அனுப்பினாள். கடைக்காரம்மா என்னைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் பேசினார்.

"சர்க்கரையா? நீங்கதான் மேப்புப் போட்டவங்களாச்சே. எங்க இருக்குன்னு மேப்பைப் பாத்து எடுத்துக்கோ."

அவர் எழுந்து எடுத்துத் தரவே இல்லை. நான் வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

இது நடந்து மூன்று வாரம் இருக்கும். சிஸ்டர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது ஆயா வந்து, சிஸ்டரையும் எங்கள் மூன்று பேரையும் மதர் கூப்பிடுவதாகச் சொன்னார். மதர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் மூன்றாவது தெருக்காரர்கள். ஒருவருக்குக் கல்யாண வயசில் பெண் இருந்தாள். இன்னொருவருக்கு அந்தச் செவலை நாய் இருந்தது.

நடந்தது இதுதான். தபால்காரர் எங்கள் மேப்பை அப்படியே நம்பிவிட்டார். 'சொந்தக்காரங்களுக்கெல்லாம் தெருப் பேரைப் போட்டு எழுதச் சொல்லுங்க, சீக்கிரம் வரும்' என்று வீட்டுக்கு வீடு சொல்லியிருக்கிறார். சிலர் சொல்லியும் அனுப்பிவிட்டார்கள். பெண் பார்க்க வருவதாக ஆரணியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எழுதிய கவரைப் பெண்ணைப் பெற்றவர் மதரின் மேஜைமேல் வைத்தார். மேலே கொட்டை எழுத்தில் 'கடிநாய்த் தெரு' என்று இருந்தது.

"நல்ல இடம், மதர். பொண்ணு வீடு எங்கன்னு கேட்டா அவங்க ஊர்ல என்னா சொல்லுவாங்க? கல்யாணப் பத்திரிகையில நான் இதையா அச்சடிக்கிறது?"

நாய்க்காரருக்கு வேறு வருத்தம். "எங்க நாய் யாரையும் கடிச்சதில்ல, மதர். அநியாயமா எழுதியிருக்காங்க."

"என் நோட்டைக் கிழிச்சுதே?" என்றேன்.

"நோட்டைத்தானே கிழிச்சுது? உன்னையா கடிச்சுது?"

அதில் நியாயம் இருந்தது. புவியியல் சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறார் என்று நான் பயந்துபோனேன். திரும்பியபோது கண்ணில் தண்ணீர் இருந்தது உண்மை. ஆனால் முகம் சிவந்திருந்த விதத்தைப் பார்த்தால் அழுத முகமாகத் தெரியவில்லை.

வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, சிஸ்டர் எங்களிடம் சொன்னார்: "அளந்தீங்க, வரைஞ்சீங்க, கையெழுத்து வாங்கினீங்க. எல்லாம் சரி. அவங்க தெருவுக்குப் பேர் வெச்சீங்களே, அங்க இருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்களை மட்டும் சொல்லலை, நானும் கேக்கச் சொல்லலை. போய்க் கேட்டுட்டு வாங்க. அறுபது வீடும். அதுக்கப்புறம்தான் மார்க்."

அடுத்த இரண்டு சனிக்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கினோம். உங்கள் தெருவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டால், அறுபது வீட்டில் நாற்பது பேர் தங்கள் அப்பா பெயரைச் சொன்னார்கள். மீதியில் பாதி குலதெய்வம், பாதி கட்சித் தலைவர். பென்ஷன்காரர் மட்டும், எந்தப் பெயர் வைத்தாலும் தனக்குச் சம்மதம் என்றும் அதைக் குறித்துக்கொள்ளுமாறும் இரண்டு தடவை சொன்னார். பேசாமல் முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எண் வைக்கலாமே என்றான் ஒரு வீட்டில் காலேஜ் படிக்கிற அண்ணன். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் எதை முதல் தெரு என்பது? மெயின் ரோட்டிலிருந்து எண்ண வேண்டும் என்றது அந்தக் கோடி. மலையிருக்கும் பக்கத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்றது இந்தக் கோடி. "நாலாவது தெருன்னா நாங்க என்ன கடைசியா வந்தவங்களா?" என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

"எல்லாரையும் ஒரே இடத்துல உக்கார வெச்சாத்தான் முடியும்" என்றாள் ஹாஸ்டல்காரி. "எங்க ஊர்ல அப்பிடித்தான்."

யார் சொன்னால் எல்லோரும் வருவார்கள்? மூன்று பேருக்கும் பதில் தெரிந்தது. மூன்று பேருக்கும் அந்தக் கடைப் பக்கம் போகப் பயமாகவும் இருந்தது.

கடைசியில் போனோம். கடைக்காரம்மா எங்களை நிற்க வைத்தே கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசினார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் கார்டு படிக்கிறன்னு ஊரே சொல்லும். சொல்லட்டும். ரெண்டாவது தெருவுல முழுகாம இருக்குதே ஒரு பொண்ணு, அதுக்குப் போன வாரம் மூலையில மை தடவின கார்டு வந்துது. அது அண்ணன் செத்துட்டாரு. தபால்காரரு வாசல்ல போட்டுட்டுப் போயிட்டாரு. அவரு மேல தப்பு இல்ல, அவரு வேல அது. மத்தியான நேரம். ஊட்டுக்காரரு ஆபீஸ்ல. பக்கத்து ரெண்டு ஊடும் பூட்டு. அந்தப் பொண்ணு கத்தினது எனக்கு இங்க கேட்டுது. கடைய அப்பிடியே போட்டுட்டு ஓடினேன்." காலி டின்னை ஓரமாகத் தள்ளினார். "எங்கிட்ட வந்திருந்தா அத அவ கையில குடுத்திருக்க மாட்டேன். ஊட்டுக்காரரு சைக்கிள்ல வருவாரு இல்ல, அவரை நிறுத்திக் குடுத்திருப்பேன். முன்னாடி எத்தினி கார்டு அப்பிடிக் குடுத்திருக்கேன் தெரியுமா?"

எங்களுக்குத் தெரியாது. நான் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். அந்தக் கடையை மேப்பில் ஒரு சின்னச் சதுரமாக வரைந்து, பக்கத்தில் 'கடை' என்று எழுதியிருந்தோம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

லாட்ஜ்காரி மூக்கை உறிஞ்சினாள். கடைக்காரம்மா ஜாடியைத் திறந்து ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தார். "அழாதீங்க. வர்ற ஞாயித்துக்கெழம காலைல இங்க எல்லாரையும் வரச் சொல்றேன். எவன் வராம இருக்கான்னு பாக்கறேன்."

எல்லோரும் வந்தார்கள். அறுபது வீட்டைப் பற்றியும் அத்தனை விஷயம் தெரிந்த ஒருவர் கூப்பிட்டால் வராமல் என்ன செய்வது? சிஸ்டரும் அறிவியல் எடுக்கும் சிஸ்டரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, முன்வரிசையில் நின்று, அரசாங்க விதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கடைக்காரம்மா அவர் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்து நிறுத்திவிட்டார்.

ஒரு மணி நேரம் சத்தம். அப்பா பெயர்களும் குலதெய்வங்களும் மோதிக்கொண்டன. மெத்தைக்கடை பாய் அதுவரை வாயே திறக்கவில்லை. அவர் குடும்பம் நான்கு தலைமுறையாகத் திருவண்ணாமலையில் இருப்பது. டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்.

"முதல் தெருவுக்குப் பனைமரம்னு புள்ளைங்க எழுதிச்சுங்க. அதுக்கு யாராச்சும் சண்டைக்கு வந்தீங்களா? இல்ல. ஏன்னா மரத்துக்கு ஜாதி இல்ல, கட்சி இல்ல. மத்த மூணு தெருவுலயும் மரமே இல்ல. வெயில் காலத்துல மெத்தையைக்கூட வெளியில போட முடியல, அப்பிடிக் கொதிக்குது. தெருவுக்கு ஒரு மரம் வெப்போம். அது பேரை வெச்சுக்குவோம். என் பேரு எழுதியிருக்கே, அதையும் எடுத்துடுங்க. கடன்காரன் தேடி வந்தா சுலபமா கண்டுபிடிச்சுடுவான்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு மறுபடி சண்டை போடுவது கஷ்டம். இரண்டாவது வேப்பமரத் தெரு, நான்காவது பூவரசுத் தெரு என்றானது. மூன்றாவது புங்கமரத் தெரு. பெண்ணைப் பெற்றவர் அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

தபால்காரரையும் அன்று வரவழைத்திருந்தார்கள். தபால் இனியும் வீட்டுக்கே வரட்டும், மை தடவின கார்டு வந்தால் மட்டும், வீட்டில் யார் துணைக்கு இருக்கிறார்கள் என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது என்று அவரும் கடைக்காரம்மாவும் பேசி வைத்துக்கொண்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை.

மரக்கன்று என்றதும் அறிவியல் சிஸ்டரின் முகம் மலர்ந்தது. பிறரன்பு புவியியலுக்கு மட்டும்தானா என்று அவருக்கும் மனசுக்குள் இருந்திருக்க வேண்டும். அங்கேயே அறிவித்துவிட்டார். தெருவுக்கு இருபது கன்று, எட்டாம் வகுப்பு மொத்தமும் நட வேண்டும், வாரா வாரம் உயரம் அளந்து எழுத வேண்டும், தாவரவியலில் பத்து மார்க். மறுநாள் வகுப்பில் மற்ற முப்பது பேரும் எங்கள் மூன்று பேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விவரிக்க மாட்டேன்.

புதுப் பெயர்களோடு புது மேப் போட்டோம். மலை சரியாகத் தென்மேற்கில் நின்றது. கொண்டுபோய்க் கொடுத்தபோது, சிஸ்டர் எல்லாக் குழுக்களையும் 'பயனடைந்தவர்' என்ற கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போடச் சொன்னார்.

"அங்க என்ன எழுதணும், சிஸ்டர்?"

"இந்த மேப்பால நஷ்டப்பட்டவர் யாருன்னு எழுதுங்க."

கடைக்காரம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "நஷ்டம்னா இன்னா பெரிய நஷ்டம்? ஊர்க்கதை கம்மியாப் பூடுச்சு, அவ்ளோதான்" என்றபடி, பயனடைந்தவரின் கையெழுத்தைவிடப் பெரிதாக, கோட்டைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டார்.

இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு கிடைத்தது. மற்ற குழுக்கள் எல்லாம் அந்த இரண்டாவது கோட்டில் 'யாரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சிஸ்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்து, நன்றாகத் தேடிப் பாருங்கள் என்று அனுப்பினார். பிறகு ஒரு மாதம் எங்கள் வகுப்புப் பெண்கள் ஊர் முழுக்க அலைந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் எந்த அறை எங்கே என்று மேப் போட்ட குழு, அங்கே வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "அண்ணா, எங்களால உங்களுக்கு ஏதாச்சும் நஷ்டமா?" என்று கேட்டு ஒரு அண்ணனைப் பயமுறுத்திவிட்டது. முதல் பெஞ்சுக்காரி எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடமே கையெழுத்து வாங்கி வந்துவிட்டாள். சனிக்கிழமைகளில் பாத்திரம் தேய்க்க ஆள் இல்லாமல் போன நஷ்டம் என்று அந்த அம்மா தன் கைப்பட எழுதியிருந்தார்.

சிஸ்டர் அதற்கு முழு மார்க் போட்டார்.